பொதியும் ரொட்டியும்: உழைப்பாளர் உணவுச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஸ்பானிய மொழியில் 'புர்ரோ' என்பது கழுதையைக் குறிக்கும். அதனோடு சிறுமைப்பொருள் தரும் 'இட்டோ' எனும் விகுதி சேரப் 'புரிட்டோ' ஆகும். சிறுகழுதை என்பது பொருள். கோதுமை மாவினாற் செய்த மெல்லிய ரொட்டியில் அவரையோ இறைச்சியோ வைத்துச் சுருட்டி உண்ணும் வட மெக்சிக்கோவின் எளிய உணவொன்று இன்று உலகெங்கும் இப்பெயராலேயே அறியப்படுகின்றது. ஓர் உணவுக்குக் கழுதையின் பெயர் வந்தது எவ்வாறு என்ற வினா இயல்பாகவே எழும். அதற்கு மக்களிடையே வழங்கும் விடையும் உண்டு. மெக்சிக்கப் புரட்சிக் காலத்தில், அதாவது 1910க்கும் 1920க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், எல்லைப்புற நகரான சியுதாத் ஹுவாரெசில் ஹுவான் மெந்தெஸ் என்றொரு தெருவோர வணிகர் இருந்தாராம். உணவின் சூடு தணியாதிருக்க அதைப் பெரிய ரொட்டிகளிற் சுற்றிக் கழுதைமேல் ஏற்றி விற்று வந்தாராம். வாங்க வந்தோர் 'சிறுகழுதைக்காரரின் உணவு' என்று கேட்டுக் கேட்டு, நாளடைவில் கழுதையின் பெயரே உணவுக்கும் ஆயிற்றாம்.

கதை அழகானது, ஆயினும் காலம் பொருந்தவில்லை. ஃபெலிக்ஸ் ராமோஸ் இ துவார்த்தே என்பார் 1895இல் வெளியிட்ட மெக்சிக்க வழக்குச் சொல்லகராதியிலேயே 'புரிட்டோ' இடம்பெற்றுள்ளது. உள்ளே இறைச்சி முதலியன வைத்துச் சுருட்டிய ரொட்டி என்று பொருள் கூறும் அவ்வகராதி, அதனைக் குவானஹுவாத்தோ பகுதியின் வழக்காகக் காட்டி, தலைநகரில் அதே பண்டத்துக்கு 'தாக்கோ' என்று பெயர் வழங்குவதையும் குறிப்பிடுகின்றது. புரட்சி தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஹுவாரெசுக்கு வெகு தெற்கே, சொல் வழக்கிலிருந்தது என்பது இதனால் உறுதி. கழுதைக்காரர் சொல்லைப் படைக்கவில்லை. வழக்கிலிருந்த சொல் தனக்கு ஒரு விளக்கம் வேண்டிக் கழுதைக்காரரைப் படைத்துக்கொண்டது. சொற்பிறப்பாய்வில் ஈடுபடுவோர் யாவரும் இவ்வுதாரணத்தை மனங்கொள்ளுதல் தகும். தமிழிலும் ஊர்ப்பெயருக்கொரு கதையும் சாதிப்பெயருக்கொரு கதையும் இவ்வாறே பின்னெழுந்து முன்னின்றவை பல.

பெயர்க்காரணம் பற்றி வேறு ஊகங்களும் உள்ளன. கழுதைமேல் ஏற்றும் சுருட்டிய படுக்கை மூட்டையை அவ்வுணவின் வடிவம் ஒத்திருத்தல் ஒன்று. கழுதையின் காதை ஒத்திருத்தல் மற்றொன்று. கழுதை போலப் பலவற்றையும் தன்மேல் ஏற்றிச் சுமத்தல் பிறிதொன்று. இவற்றுள் எதனைக் கொண்டாலும் அடிப்படை ஒன்றே. பெயரிட்டவர்களின் அன்றாட வாழ்விற் கழுதை நின்றது. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் சுமை இழுத்த விலங்கும் அவ்விலங்கின் பின்னே நடந்த மனிதனும் அப்பெயரில் ஒருங்கே உள்ளனர். அரண்மனைச் சமையலறையில் இப்பெயர் பிறந்திராது.

இங்கே இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. மெக்சிக்கோவின் பூர்வீகத் தானியம் சோளம். அஸ்டெக் மக்கள் தம் சோள ரொட்டியைத் 'த்லஷ்கல்லி' என்றனர். பதினாறாம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர் அதனைத் தம் நாட்டு அடையின் பெயரால் 'தோர்த்தியா', அதாவது சிறிய அடை, என அழைத்தனர். வென்றவர் இட்ட பெயரே நிலைத்தது. கோதுமையும் அவர்களோடு வந்ததே. சோனோரா, சிவாவா முதலிய வட பகுதிகளில் அது விளைந்து பெருகியபோது, அங்குள்ள உழைப்பாளர் பழைய சோள ரொட்டியின் முறையிலே புதிய கோதுமை ரொட்டியைத் தட்டினர். தானியம் வென்றவருடையது, கைப்பழக்கம் தோற்றவருடையது. 'புரிட்டோ' எனும் பெயர் மாத்திரம் இருசாராரிலும் அடித்தளத்தில் நின்றவர்களுடையது எனலாம்.

இவ்வரலாற்றை இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெல்மதுளையிலிருந்து காவத்தை வழியாக எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரி மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் அமைந்துள்ளது கொடகவெல. மலைநாட்டின் ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்கும் விளிம்பு அது. சுற்றுப்புறத்தில் தேயிலையும் இறப்பரும் உள்ளன. பள்ளங்களில் வயல்களும் மாணிக்கக் குழிகளும் உள்ளன. தென்மேற்கே இறக்குவானை. இப்பகுதித் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் அன்றாட உணவு ரொட்டியே என்பது நாடறிந்த செய்தி. அவ்வுணவை அவர்களின் இயல்பான, பரம்பரையான உணவாகக் கருதி, 'தோட்டத்து ஆட்களுக்கு ரொட்டி போதும்' எனப் பேசும் வழக்கமும் நகரத்தாரிடையே இருந்து வந்துள்ளது. ஹுவாரெஸ் நகரத்துக் கழுதைக்காரர் கதையைப் போலவே இதுவும் பின்னெழுந்து முன்னின்ற கதையாகும். அந்தக் கதை யாரையும் வருத்தவில்லை, இது வருத்துகின்றது. ஆகவே சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

முதலிற் 'பொதி' என்ற சொல். தமிழிற் பொதிதல் என்பது மூடிச் சுற்றி உள்ளடக்குதல். அவ்வாறு கட்டப்பட்டது பொதி. அதனைச் சுமக்கும் விலங்கு பொதிமாடு, பொதிகழுதை. வழிச்செல்வோர் கட்டிக்கொண்டு போகும் உணவு பொதிசோறு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரிய புராணத்தில், பசித்து வரும் அடியார்க்கு இறைவனே பொதிசோறு தரும் செய்தி சுந்தரர் வரலாற்றிலும் நாவுக்கரசர் வரலாற்றிலும் வருகின்றது. ஆக, விலங்கின் முதுகிலேறும் சுமைக்கும் மனிதனின் வழியுணவுக்கும் ஒரே சொல்லைத் தமிழர் நெடுங்காலமாக ஆண்டு வந்துள்ளனர். ஸ்பானிய வழக்கிற் சுமப்பதன் பெயர் உணவுக்கு ஆயிற்று. தமிழ் வழக்கிற் சுமக்கப்படுவதன் பெயர் உணவுக்கு ஆயிற்று. வேற்றுமை அவ்வளவே. நடந்து உழைக்கும் மக்களின் மொழியில் உணவும் சுமையும் அண்டை வீட்டார் என்பது இரண்டிலிருந்தும் புலனாகின்றது.

இலங்கையிலோ பொதிமாட்டுக்குத் தனி வரலாறே உண்டு. நெடுஞ்சாலைகள் வருமுன்னர் கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலையேறியதும், மலையிலிருந்து பாக்கு இறங்கியதும் பொதிமாட்டுக் கூட்டங்களினாலேயே. சிங்களத்தில் இக்கூட்டத்துக்குத் 'தவலம' என்று பெயர். தமிழில் 'தாவளம்' தங்குமிடத்தைக் குறிக்கும். மாடுகளை அவிழ்த்துப் பொதியிறக்கித் தங்கும் இடத்தின் பெயர் அக்கூட்டத்துக்கே ஆகியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. கழுதையும் நமக்குப் புதிதன்று. மன்னாரிலும் கற்பிட்டியிலும் இன்றும் அது அலைந்து திரிகின்றது. அராபிய வணிகர் கொண்டு வந்தது என்பது அங்குள்ள வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இறங்கியதும் அந்த மன்னார்க் கரையிலேதான். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே அவர்கள் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் பசியும் வழிநெடுகிலும் அவர்களைக் கொன்றன. சுமை அவர்கள் தலையிலேயே இருந்தது. பொதிமாடு செய்த வேலையை மனிதர் செய்த பாதை அது.

அவ்வாறு வந்தோர் உண்டது எது? சோறு. கிடைத்தபோது கஞ்சி. இதில் ஐயமில்லை. தோட்டப் பொருளாதாரத்தின் தொடக்க காலம் முழுவதும் அரிசியின்மீதே எழுப்பப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பின்னர்ப் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியான அரிசியைத் தோட்ட நிருவாகம் தொழிலாளருக்கு அளந்து கொடுத்தது. விலையைச் சம்பளத்திற் கழித்தது. அரிசியை அளப்பவன் உழைப்பையும் அளந்தான். கங்காணி முறையின் கடன் பிணைப்பில் இவ்வரிசிக் கழிவுக்கு முக்கிய பங்குண்டு. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் இயற்றப்பட்டபோதும் அரிசி வழங்கலும் அதன் விலையும் அச்சட்டத்தின் கணக்கிற் சேர்ந்தே வந்தன. கூலியும் அரிசியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன என்பது, பிற்காலத்தில் 'ரொட்டி தின்னும் மக்கள்' என்று கூறப்பட்டோரைப் பற்றிய உண்மையாகும்.

இவ்விடத்திற் 'கூலி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருக்குறளிற் கூலி என்பது முயற்சிக்கு ஈடாகக் கிட்டும் பயன். ஆங்கிலேயரின் பேச்சில் அது அப்பயனைப் பெறும் மனிதனையே குறிக்கும் இழிபெயராயிற்று. ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இலங்கைத் தோட்டத் துரைமாரைப் பொறுத்தவரை தமிழ்ச் சொல்லே அவர்கள் காதில் விழுந்தது என்பது எமது கருத்து. மெக்சிக்கோவிலிருந்து 1942 முதல் 1964 வரை அமெரிக்க வயல்களுக்கு ஒப்பந்தத்தில் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளரைப் 'பிராசெரோ' என்றனர். 'பிராசோ' என்றாற் கை. கையை மாத்திரம் எண்ணி மனிதனை மறந்த பெயர் அது. சம்பளத்தை மாத்திரம் எண்ணி மனிதனை மறந்த பெயர் இது.

இனி, ரொட்டி. இச்சொல் தமிழ்நாட்டுக்கும் வெளியிலிருந்து வந்ததே. வடமொழியில் 'ரோடிகா' எனும் வடிவம் பிற்கால நூல்களிலேயே காணப்படுகின்றது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவமிசிரரின் பாவப்பிரகாசம் எனும் மருத்துவ நூல் அவற்றுள் ஒன்று. வட இந்திய மொழிகளில் 'ரோட்டி' எனப் பரவிய சொல் தமிழுக்கு வந்தபோது இலக்கண மரபின் வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் கொண்ட விதி. எனவேதான் அரங்கன், இராமன், உரோமம் என உயிரெழுத்து முன்வந்து நின்றது. அவ்வாறே 'உரொட்டி' என்ற வடிவமும் பழைய எழுத்துக்களில் வழங்கியது. கிழக்கிலங்கைப் பேச்சில் 'ஒறட்டி' எனக் கேட்பதும் இதன் வழிப்பட்டதே. சப்பிரகமுவப் பெயர்களிலும் இவ்விதியின் ஆட்சியைக் காணலாம். சிங்களத்து ரக்குவான தமிழில் இறக்குவானை, ரத்னபுர இரத்தினபுரி, ஆங்கிலேயர் கொணர்ந்த ரப்பர் இலங்கை அரச தமிழில் இறப்பர். ஆனால் தோட்டத்துத் தமிழில் ரொட்டி ரொட்டியாகவே நின்றுவிட்டது. எழுத்தறிவோடு வந்திருந்தால் முன்னே ஓர் உகரம் வந்திருக்கும். பசியோடு வந்த சொல்லுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இச்சொல்லின் பொருளெல்லையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. தமிழகத்தில் ரொட்டி என்றாற் கடையில் வாங்கும் பாணையும் குறிக்கும். இலங்கையில் அப்படியன்று. அடுப்பறையில் வெந்து பொங்கிய பண்டத்துக்குப் போர்த்துக்கேயரின் 'பாவ்' என்பதிலிருந்து வந்த 'பாண்' இருக்கின்றது. கல்லிற் சுட்ட தட்டைப் பண்டமே ரொட்டி. சிங்களத்திலும் 'பான்', 'ரொட்டி' என இதே பாகுபாடு நிலவுகின்றது. கிறித்தவ மிசனரிமார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது பாணையோ ரொட்டியையோ தேராமல் 'அப்பம்' எனும் தமிழ்ச் சொல்லை எடுத்தமை சுவையான செய்தி. அதனால் இலங்கைத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் இயேசுநாதர் இறுதி இராவுணவிற் பிட்டுக் கொடுத்தது தன் வீட்டுக் காலை அப்பம் என்றே எண்ணி வளர்கிறான். அதிற் குற்றமொன்றுமில்லை.

கோதுமையின் பெயரும் இவ்வாறே. தமிழ்க் கோதுமை, வடமொழிக் 'கோதூம' என்பதன் திரிபு. சிங்களத்துத் 'திரிங்கு' போர்த்துக்கேய 'திரிகோ' என்பதிலிருந்து வந்தது. ஒரே தானியம், ஒரே தீவு, இரு மொழிகள். ஒன்று நிலவழிச் சொல்லையும் மற்றது கடல்வழிச் சொல்லையும் ஏற்றுக்கொண்டன. யாழ்ப்பாணத்திலோ பொதுமக்கள் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றே வழங்கினர். இப்பெயரில் ஒரு பொருளாதார வரலாறே அடங்கியுள்ளது.

அவ்வரலாறு 1942இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. இலங்கையின் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு முறை வந்தது; அரிசியின் அளவு குறைக்கப்பட்டு, குறைந்த பங்கை ஈடுசெய்யக் கோதுமை மா வழங்கப்பட்டது. அதுவரை நகரத்தாரின் காலையுணவாகப் பாண் வடிவில் மட்டும் அறியப்பட்ட கோதுமை, முதன்முறையாக நாட்டின் எல்லா அடுப்புகளுக்கும் மாவாகவே வந்தது. கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு வயலிருந்தது. இல்லாதவனுக்குத் தோட்டமும் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் இருந்தன. லயத்தில் வாழ்ந்தவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவன் வாழ்ந்த அறையும் அறையின் முன்னிருந்த முற்றமும் நிருவாகத்துக்குச் சொந்தம். கொடகவெல எனும் பெயரின் ஈற்றிலுள்ள 'வெல' சிங்களத்தில் வயலைக் குறிக்கும். ஊரின் பெயரிலேயே வயல் இருந்தும், அவ்வூரைச் சூழ்ந்த தோட்டத்துத் தொழிலாளிக்கு நெல் விளைக்க ஒரு முழம் நிலம் இருந்ததில்லை. ஆகவே மாவு வந்தபோது மற்றவர்களுக்கு அது துணையுணவாயிற்று, இவர்களுக்கோ முதலுணவாயிற்று.

வேலையின் அமைப்பும் இதற்கு ஒத்தாசை செய்தது. இறப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியிலேதான் பால் நன்கு வடியும், வெயிலேறினாற் குறையும். பால்வெட்டுக்குப் போகிறவர் இருள் பிரியுமுன் புறப்பட வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பெயர் கிடையாது. சோறாக்கிக் கறியும் ஆக்கக் கூடிய நேரமும் விறகும் அவர்களுக்கு இல்லை. மாவிலே உப்பும், கிடைத்தால் தேங்காய்ப் பூவும் சேர்த்துப் பிசைந்து தட்டிக் கல்லிலிட்டால் ரொட்டி ஆயிற்று. தொட்டுக்கொள்ளச் சம்பல் போதும். துணியிற் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். சிந்தாது, ஊசிப்போகாது, கை கழுவத் தண்ணீரும் அதிகம் வேண்டாம். வட மெக்சிக்கோவின் உழைப்பாளர் சுருட்டிய ரொட்டியை நாடியதும் இதே காரணங்களுக்காகவே. தேங்காய் சேராத ரொட்டி 'வெறும் ரொட்டி'. பால் சேராத தேநீர் 'வெறுந்தேத்தண்ணி'. பால்வெட்டுவோரும் தேயிலை பறிப்போருமான மக்களின் சொல்வழக்கில் 'வெறும்' என்ற அடை இத்தனை முறை வருவதை மொழியியலார் மட்டுமன்றிப் பொருளியலாரும் கவனிக்க வேண்டும்.

போர் முடிந்தபின் அரிசி பழையபடி திரும்பவில்லை. கொரியப் போர் தூண்டிய ஏற்றத்தின் பின் இறப்பர் விலை வீழ்ந்து, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது, 1952இல் இலங்கையும் மக்கள் சீனமும் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டன. அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது செய்துகொள்ளப்பட்ட அவ்வொப்பந்தத்தைப் பற்றி அரசியல் வரலாற்றாசிரியர் நிறைய எழுதியுள்ளனர். சப்பிரகமுவ அந்நாளில் இறப்பர் விளைந்த முக்கிய பகுதிகளுள் ஒன்று என்பதையும், நாட்டுக்கு அரிசி வாங்கித் தந்த பாலை வெட்டிய கைகளுட் பல 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் குடியுரிமையற்றுப் போன கைகள் என்பதையும் சேர்த்து எழுதியோர் குறைவு. மறு ஆண்டில் அரசு பங்கீட்டரிசியின் விலையை ஓர் அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது; 1953 ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசிக்காக அரசாங்கம் ஆட்டங்கண்ட நாட்டில் மாவுக்காக எவரும் வீதியில் இறங்கவில்லை. மாவு உண்போருட் பெரும் பகுதியினருக்கு வாக்கில்லை.

அமெரிக்கா தன் உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்குச் சலுகையில் அனுப்ப வழிசெய்யும் பொதுச்சட்டம் 480ஐ 1954இல் இயற்றியது. அமெரிக்கன் மா எனும் பெயர் நிலைத்ததற்கு இத்தகைய உதவிக் கோதுமையின் வரவும் ஒரு காரணமாகலாம். பிறர் நாட்டு உபரியின்மீது ஒரு மக்கட்கூட்டத்தின் வயிறு தங்கியிருக்க நேர்ந்தால் விளைவது யாதென்பதை 1973ஆம், 1974ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் ஒருங்கே விலையேறின. அரசு அரிசி, மா, சீனி ஆகியவற்றின் பங்கீட்டைக் குறைத்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டு செல்வதற்குத் தடை இருந்தது. அதே வேளை 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தாற் பல தோட்டங்கள் கைமாறி வேலை நாட்கள் குறைந்தன. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். நகரங்களின் தெருக்களிற் கையேந்தி நின்றனர். 1974இல் நாடு முழுவதிலும் ஆயிரம் பிறப்புகளுக்குச் சுமார் 51 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. தோட்டப் பகுதியில் அவ்வெண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாற்றுணவாக வந்தது முதலுணவாகி, அதுவும் கைவிட்டபோது நிகழ்ந்தது இது. ரொட்டி அவர்களின் இயல்பான உணவு என்போர் இந்த எண்களை ஒருமுறை வாசிப்பது நன்று.

அக்காலத்திலிருந்து கோதுமையை மாவாகவன்றித் தானியமாகவே இறக்கும் ஏற்பாடு வளர்ந்து, 1980இல் திருகோணமலையிற் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கியது. தானியம் வெளியிலிருந்தே வந்தது. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியபோது மாவின் விலை பல மடங்கு ஏறியதும், தோட்டங்களில் வேளைக்கு இத்தனை ரொட்டி என எண்ணித் தட்டும் நிலை வந்ததும் அண்மைக்காலச் செய்திகள். ஓராண்டு முன்னரே, 2021இல், நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபா நாட்கூலி சட்டப்படி வந்திருந்தது. மாவின் விலை அதை விழுங்கிற்று.

மீண்டும் சொற்களுக்கு வருவோம். ஒரு தோட்டத் தொழிலாளியின் காலையுணவைச் சொல்லால் அளந்து பார்ப்போமாயின், ரொட்டி வட இந்தியச் சொல். சம்பல் மலாய்ச் சொல், ஒல்லாந்தர் ஆட்சியிற் சாவகத்திலிருந்து வந்தோர் வழியாக இங்கு வேரூன்றியிருத்தல் கூடும். தேத்தண்ணியின் 'தே' தென்சீனக் கடற்கரையின் சொல். உண்ணும் அறை 'காம்பரா', போர்த்துக்கேயம். அறையின் முன்திண்ணை 'இஸ்தோப்பு', ஒல்லாந்தம். உண்டபின் ஓட வேண்டிய 'பிரட்டு' ஆங்கிலேயரின் அணிவகுப்புச் சொல்லின் திரிபு. பெயர் பதியும் 'செக்ரோல்' ஆங்கிலம். ஆனால் வினைகளைப் பாருங்கள். பிசைகிறார்கள், தட்டுகிறார்கள், சுடுகிறார்கள், பிட்டுக் கொடுக்கிறார்கள், சுமக்கிறார்கள், வெட்டுகிறார்கள், பறிக்கிறார்கள். ஒன்றேனும் கடன் சொல் அன்று. பொருள்களின் பெயர்கள் அப்பொருள்களின் உடைமையாளரோடு வந்தன. உழைப்பின் பெயர்கள் உழைத்தவரிடமே இருந்தன. தொல்காப்பியர் வகுத்த திசைச்சொல், வடசொல் எனும் பாகுபாடு இங்கே வர்க்கப் பாகுபாடாகவும் தோற்றுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்களின் உணவு, தொழில், வீடு பற்றிய சொற்களைத் தொகுக்கும் பணிக்கு அத்தகைய உழைப்பு இன்னும் கிட்ட வேண்டியுள்ளது. பல்கலைக்கழகங்கள் கல்வெட்டுச் சொற்களுக்குக் காட்டும் ஆர்வத்திற் பத்திலொரு பங்கு போதும்.

இச்சொற்கள் தோட்டத்தோடு நின்றுவிடவுமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோர் தமிழகத்து நீலகிரியிலும் ரொட்டியும் சம்பலும் கொண்டு சென்றனர். 1977இலும் 1981இலும் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் வன்செயல்கள் நிகழ்ந்தபோது உயிர்தப்பிய குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. அங்கே புட்டும் இடியப்பமும் உண்ட அயலாரிடையே தோட்டத்து ரொட்டி அவர்களின் பூர்வீகத்தைக் காட்டும் அடையாளமாயிற்று. சில வேளைகளில் ஏளனத்துக்கும் இடமாயிற்று.

இதற்கு நேர்மாறான பயணமொன்றும் உண்டு. வீசியெறிந்து மெல்லிதாக்கிய ரொட்டியைத் தட்டகப்பைகளாற் கொத்தி முட்டையோடும் கறியோடும் கலப்பது கொத்துரொட்டி. கிழக்கு மாகாண நகரங்கள் அதன் பிறப்பிடமாக உரிமை பாராட்டுகின்றன. சொல் தன் பிறப்பைத் தானே கூறுகின்றது: கொத்துதல் எனும் தமிழ் வினை. சிங்களத்தில் அது 'கொத்து' என்று ரொட்டியையும் உதறிவிட்டுத் தனிப்பெயராயிற்று. வினைப்பொருள் மறைந்து பண்டத்தின் பெயராக மட்டும் நிற்கும் அந்நிலை, கழுதையை அறியாத ஆங்கிலேயன் வாயிற் 'புரிட்டோ' நிற்கும் நிலையை முற்றும் ஒத்தது. கொத்தைக் கையேந்தி உண்ணும் கொழும்பு இளைஞன் அதிலுள்ள தமிழைக் கேட்பதில்லை. சொல் அவனிடம் சேர்ந்துவிட்டது. சொல்லையுடையவனோடு அவன் சேர்ந்தானா என்பது வேறு வினா.

கொடகவெலயின் பேருந்துத் தரிப்பிடத்தை ஒத்த எந்தச் சிறு நகரத் தரிப்பிடத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோண வடிவில் மடித்த மரக்கறி ரொட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். உருளைக்கிழங்குக் கறியை உள்ளே வைத்து மடித்துச் சுட்டவை அவை. சிங்களத்தில் 'எலவளு ரொட்டி'. உள்ளடக்கிச் சுற்றிய ரொட்டி என்ற அளவில் மெக்சிக்கோவின் சிறுகழுதைக்கு நம்மிடமுள்ள மிக நெருங்கிய உறவு இதுவே. நடத்துநரும் மாணிக்கக் குழியில் இறங்குவோரும் தோட்டத்திலிருந்து சந்தைக்கு வந்தோரும் அதனையே நின்றபடி உண்டு போகின்றனர். அதே கடையிற் சோறு கட்டித் தருமாறு கேட்போர் சிங்களத்தில் 'பத் முல' என்பர். சோற்று மூட்டை என்பது பொருள். தமிழிற் கேட்போர் இப்போது 'சோத்துப் பார்சல்' என்கின்றனர். வயதானோர் சிலரது வாயில் மட்டும் 'பொதி' இன்னும் வருகின்றது.